உள்ளரங்கக் கபடியைப் படமெடுக்க: எங்கே உட்காருவது, எப்போது அழுத்துவது

கபடியைப் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கொண்டுவரும் படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ரைடர், அதாவது பாடிக்கொண்டு எதிரணிக் களத்துக்குள் போகிறவர், நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போகிறார், எதிரே ஏழு பேர் கைகோத்து நிற்கிறார்கள், ரைடரின் முதுகு தெரிகிறது. படம் தெளிவாக இருந்தாலும் அதில் ஆட்டம் இல்லை. கபடியில் ஆட்டம் இருப்பது திரும்பி வருவதில்தான். கணுக்காலை ஒருவர் பிடிக்க, இடுப்பை இன்னொருவர் கட்ட, ரைடர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே நடுக்கோட்டுக்குக் கையை நீட்டுகிறாரே, அந்த இரண்டு விநாடிதான் படம். எங்கே உட்காருவது, எந்த லென்ஸ், என்ன வேகம் என்று இங்கே சொல்வதெல்லாம் அந்த இரண்டு விநாடியை மனதில் வைத்துத்தான்.

சென்னையில் இப்போது கபடி பெருமளவு மேட் எனப்படும் விரிப்புக்கு வந்துவிட்டது. பெரியமேட்டில் இருக்கும் நேரு உள்விளையாட்டரங்கம் போன்ற பெரிய அரங்குகளில் வெளிச்சம் நன்றாக இருக்கும். நீங்கள் அதிகம் போகப்போவது அங்கே அல்ல. கல்லூரி உள்ளரங்கம், பள்ளியின் பல்நோக்குக் கூடம், பூப்பந்துக்காகக் கட்டிய தகரக் கூரைக் கொட்டகை, இவற்றில்தான் மேட்டை விரித்து ஆடுகிறார்கள். இந்தக் கூடங்களின் விளக்குகள் வேறு விளையாட்டுக்காகப் பொருத்தியவை. இந்த ஒன்றிலிருந்துதான் முக்கால்வாசித் தொல்லை வருகிறது.

முதலில் களத்தின் அளவு

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரைடர் கட்டாயம் கடக்க வேண்டிய பால்க் கோடு, அதிலிருந்து இன்னும் 1 மீட்டரில் போனஸ் கோடு. இரண்டு பக்கவாட்டிலும் 1 மீட்டர் அகலத்தில் லாபி என்னும் ஓரப் பட்டை. பெண்கள் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர், பால்க் கோடு 3 மீட்டரில். இதைத் தெரிந்துகொண்டால்தான் லென்ஸ் கணக்கு வரும். பிடிபட்ட ரைடர் கையையும் காலையும் நீட்டிக் கிடந்தால் இரண்டேகால் மீட்டர் வரை வருவார். மேலே விழுந்து பிடிக்கும் நான்கு பேரையும் சேர்த்தால் மூன்றரை மீட்டர் அகலம் வேண்டும். முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் 5 மீட்டர் தூரத்தில் 3.6 மீட்டர் அகலத்தைக் காட்டும். 85 மி.மீ. லென்ஸ் 8 மீட்டரில் ஏறக்குறைய 3.4 மீட்டர். 200 மி.மீ. லென்ஸ் 13 மீட்டரில் 2.3 மீட்டர்தான், அதாவது ரைடர் ஒருவரின் முகமும் உடலும். உங்களுடையது அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 50 மி.மீ. லென்ஸ் 8 மீட்டரில் ஏறக்குறைய 3.8 மீட்டரைக் காட்டும். மலிவான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் விழும்) கபடிக்கு இவ்வளவு பொருந்துவது இதனால்தான்.

உட்காரும் இடம்

கடைக்கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ரைடர் உள்ளே வரும் முகம் நேராகக் கிடைக்கும். ஆனால் அங்கே கடைக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி, அவுட் ஆனவர்கள் உட்காரும் கட்டம் இருக்கிறது. ஆட்டம் சூடுபிடிக்கும்போது அங்கே நான்கைந்து பேர் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் தாண்டி எடுத்தால் முன்னால் தெரிவது தடுக்கும் அணியின் ஏழு முதுகுகள். பிடி விழுந்ததும் ரைடரும் திரும்பிவிடுவார், அவர் முதுகும் உங்களுக்குத்தான்.

நல்ல இடம் பக்கவாட்டில் இருக்கிறது. பக்கக் கோட்டிலிருந்து குறைந்தது 3 மீட்டர் வெளியே, நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி, எந்த அணியின் ரைடை எடுக்க விரும்புகிறீர்களோ அந்த அணியின் பாதிப் பக்கமாக உட்காருங்கள். அங்கிருந்து எதிரணிக் களத்தைக் குறுக்காகப் பார்ப்பீர்கள். ரைடர் உள்ளே போகும்போது பக்கவாட்டு முகம் கிடைக்கும். திரும்பும்போது முழு முகம், நீட்டிய கை, அதற்குப் பின்னால் இழுக்கிறவர்கள், எல்லாம் ஒரே கோட்டில் உங்களை நோக்கி வரும்.

எதிரணி ரைடுகள் இந்த இடத்திலிருந்து அவ்வளவாகக் கிடைக்காது. அதற்காக ஒவ்வொரு ரைடுக்கும் எழுந்து ஓட வேண்டாம். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். நீங்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டாம் பாதியில் அடுத்த அணியின் ரைடர்கள் உங்களை நோக்கித் திரும்பி வருவார்கள். இரண்டு அணிக்கும் சமமாகப் படம் சேர்ந்துவிடும்.

எந்தப் பக்கவாட்டு என்பதற்கும் கணக்கு உண்டு. ஸ்கோர் எழுதும் மேசை ஒரு பக்கம் இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் பின்னணியில் மேசை, தண்ணீர் பாட்டில், நாற்காலி எல்லாம் வரும். மேசை இருக்கும் பக்கமே, அதிலிருந்து விலகி உட்கார்ந்தால் பின்னணி சுத்தமாக இருக்கும். ஆனால் எதிர்ப்பக்கக் கதவு திறந்திருந்து பகல் வெளிச்சம் உள்ளே வந்தால், அந்த வெள்ளைச் சதுரம் எல்லாப் படத்தையும் கெடுக்கும். அப்போது இந்தக் கணக்கை மறந்து கதவுக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.

இரண்டு அம்பயர்களும் ஆளுக்கொரு பக்கவாட்டில் நடந்துகொண்டே இருப்பார்கள். உங்கள் பக்க அம்பயர் ரைடரோடு சேர்ந்து நகர்வதால், சரியாகப் பிடி விழும் நேரத்தில் அவர் கால்சட்டை படத்தை மறைக்கும். இதற்கு முழு மருந்து கிடையாது. தரையோடு தரையாக உட்கார்ந்தால் அவர் கால்களுக்கு இடையிலும் பக்கத்திலும் வழி கிடைக்கும், நின்றால் முழு உடலும் மறைக்கும். தாழ உட்காருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ரைடர் குனிந்துதான் ஆடுகிறார், பிடிபட்டால் மேட்டோடு மேட்டாகக் கிடக்கிறார். கேமரா தரையிலிருந்து 50 முதல் 70 செ.மீ. உயரத்தில் இருந்தால் அவர் கண் மட்டத்தில் இருப்பீர்கள். நின்று எடுத்தால் உச்சந்தலையும் மேட்டின் நிறமும்தான் மிஞ்சும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. தடுப்பு வரிசையின் நடுப்பக்கமான கவரில் நிற்பவர் டேஷ் அடித்தால், அதாவது ஓடிவந்து உடலால் மோதித் தள்ளினால், ரைடர் பக்கவாட்டில்தான் பறந்து வெளியே விழுவார். 80 கிலோ ஆள் வேகமாக வரும்போது கேமராவைக் கண்ணில் வைத்திருப்பவருக்குத் தூரம் தெரியாது. ஜூம் லென்ஸில் பார்க்கும்போது இன்னும் மோசம். ஆகவே 3 மீட்டர் என்பதைக் குறைக்காதீர்கள், சுவரில் முதுகை ஒட்டி உட்காராதீர்கள், பையையும் மோனோபாடையும் உங்களுக்கும் மேட்டுக்கும் நடுவே வைக்காதீர்கள். விழுகிறவருக்கு அடிபட்டால் அது உங்கள் பொறுப்பு. செருப்புக் காலோடு மேட்டில் கால் வைக்கவும் கூடாது. ஒரு மணல் துகள்கூட ஆடுகிறவர் முழங்காலில் தோலை உரிக்கும்.

வெளிச்சத்தை அளப்பது

போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மேட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு நிற்கும்போது ஒரே அமைப்பில் ஐந்து படம் எடுத்துப் பாருங்கள். பூப்பந்துக் கூடத்தில் விளக்குகள் பக்கவாட்டு வரிசையில் இருக்கும். கபடி மேட்டை அதற்குக் குறுக்கே விரித்தால் ஒரு பாதி வெளிச்சமாகவும் மறுபாதி ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) குறைவாகவும் இருப்பது சாதாரணம். இது தெரிந்துவிட்டால், வெளிச்சமான பாதியில் ரைடு நடக்கும்போது ஒரு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் எண்), இருட்டான பாதிக்கு அதைப்போல் இரு மடங்கு என்று இரண்டே எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கபடியில் வேண்டிய ஷட்டர் வேகம் ஆட்டத்தின் கட்டத்தைப் பொறுத்தது. இழுபறிக்கு 1/640 போதும். டேஷ், தாவுதல், உதைத்துத் தொடுதல் எல்லாவற்றுக்கும் 1/1000 வேண்டும். 1/400க்குக் கீழே போனால் முகம் தெளிவாக இருந்தாலும் கை கரைந்துபோகும், கபடியில் கைதான் எல்லாம். ஏறக்குறைய 300 லக்ஸ் வெளிச்சம் இருக்கும் கூடத்தில் 1/800, எஃப் 2.8 என்று வைத்தால் ஐஎஸ்ஓ 5000 பக்கம் வரும். அதே கூடத்தில் எஃப் 1.8 லென்ஸ் என்றால் ஐஎஸ்ஓ 2000. கேமராவோடு சேர்ந்து வரும் ஜூம் லென்ஸை நீட்டினால் எஃப் 5.6, அப்போது ஐஎஸ்ஓ 20000. கிட் லென்ஸை வைத்துக்கொண்டு உள்ளரங்கத்தில் போராடுவதைவிட 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்றை வாங்கிக்கொண்டு நெருங்கி உட்காருவது எவ்வளவோ மேல் என்று சொல்வது இந்தக் கணக்கால்தான். 70-200 எஃப் 2.8 ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். இறுதிப் போட்டிக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் தேவையில்லை.

அமைப்பை மேனுவலில் வைக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் என்ன ஆகும் என்பது நம்மூர் கூடங்களில் தெளிவாகத் தெரியும். சுவர் வெள்ளை, பின்னால் வெள்ளை வினைல் பேனர், முன்னால் கறுத்த முகம். கேமரா வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் நிழலாகிவிடும். பிறகு கணினியில் முகத்தைத் தூக்கினால் அந்த நிழலில் மறைந்திருக்கும் மணல் மணலான இரைச்சல் முழுவதும் வெளியே வரும். உயர்ந்த ஐஎஸ்ஓவில் சரியாக வெளிச்சம் விழுந்த முகம், குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்துத் தூக்கிய முகத்தைவிட எப்போதும் சுத்தமாக இருக்கும். ஆகவே ஒரு ஆட்டக்காரரின் முகத்தை நெருங்கி எடுத்து, கன்னத்தின் நிறம் சரியாக வரும்வரை ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். சுவர் வெளுத்துப் போனால் போகட்டும். யாரும் சுவரைப் பார்ப்பதில்லை.

நிறத்துக்கும் ஒரு தந்திரம் உண்டு. மேட்டின் நிறம் கீழிருந்து முகத்தில் அடிக்கும். மஞ்சள் மேட்டில் தாடைக்கடியில் மஞ்சள், நீல மேட்டில் கழுத்தில் நீலம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமராவே நிறத்தைச் சமன் செய்வது) இதைப் பார்த்து ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு முடிவு எடுக்கும். மேட்டின் நடுவில் ஒரு சாம்பல் அட்டையை, இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளை, ஆளின் முக உயரத்தில் பிடித்துக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் ஒருமுறை வைத்துவிடுங்கள். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் பிறகு திருத்தலாம் என்றாலும், எண்ணூறு படத்துக்கும் ஒரே நிறம் இருந்தால் திருத்தும் வேலை நிமிடங்களில் முடியும்.

விளக்கு துடிப்பது

இதைப் புரிந்துகொள்ளாமல் பலர் கேமரா பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மெட்டல் ஹாலைடு விளக்கும், தரம் குறைந்த டிரைவர் உள்ள எல்இடி விளக்கும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. 1/1000இல் எடுக்கும் கேமரா அந்த அலையின் ஒரு சின்னத் துண்டை மட்டும் பார்க்கிறது. ஆகவே தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படத்தில் இரண்டு பிரகாசமாக, மூன்று மங்கலாக, ஒன்று பாதி மஞ்சள் பாதி நீலமாக வரும்.

சோதிப்பது எளிது. வெள்ளைச் சுவரை 1/1000இல் பத்துப் படம் தொடர்ந்து எடுங்கள். பத்தும் ஒன்றுபோல் இருந்தால் கவலையில்லை. மாறினால் கேமராவின் ஆன்டி ஃபிளிக்கர் அமைப்பை இயக்குங்கள். இந்த வசதி 2014இல் வந்த கேனான் 7டி மார்க் 2 தொடங்கி, பிறகு வந்த பல கேனான், நிக்கான், சோனி கேமராக்களில் இருக்கிறது. அலையின் உச்சத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். கொஞ்சம் வேகம் குறையும், விநாடிக்கு 10 படம் வரும் இடத்தில் 7 அல்லது 8 வரலாம். அது பெரிய இழப்பில்லை. எலக்ட்ரானிக் ஷட்டரை மட்டும் பயன்படுத்தாதீர்கள், கோடு கோடாகப் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டரையே வையுங்கள்.

கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் இன்னொரு சிக்கல். ஜெனரேட்டரின் அதிர்வெண் சரியாக 50இல் நிற்காததால் ஆன்டி ஃபிளிக்கர் ஒத்துப்போகாமல் போகலாம். மெட்டல் ஹாலைடு விளக்கு அணைந்தால் மறுபடி முழு வெளிச்சத்துக்கு வர 10 முதல் 15 நிமிடம் ஆகும், அதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் படம் பச்சையாகவும் இருட்டாகவும் வரும். ஐஎஸ்ஓவை மட்டும் பார்க்காமல் ஒயிட் பேலன்ஸையும் மறுபடி வைக்க வேண்டும் என்று நினைவில் கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் போடக் கூடாது. பாடிக்கொண்டு போகிறவரின் கண்ணில் வெளிச்சம் அடித்தால் ஒரு நொடி தடுமாறுவார், அந்த ஒரு நொடியில் பிடி விழும். ஃபோகஸுக்காகக் கேமரா அடிக்கும் சிவப்பு விளக்கையும் மெனுவில் போய் அணைத்துவிடுங்கள்.

ஃபோகஸ்

85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து 8 மீட்டரில் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 200 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8இல் 10 மீட்டரில் வெறும் 40 செ.மீ. ரைடரின் முகம் தெளிவாக இருந்தால் காலைப் பிடித்தவர் தெளிவாக இருக்க மாட்டார். முகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தொடர் ஃபோகஸ் முறையில் வையுங்கள், கேனானில் ஏஐ சர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி. முகம் கண்டுபிடிக்கும் வசதியை முழுக் களத்துக்கும் திறந்துவிட்டால் எட்டு முகத்தில் எதைப் பிடிப்பது என்று கேமரா தாவிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அருகில் இருக்கும் தடுப்பவரைப் பிடித்துக்கொள்ளும். சிறிய ஸோன் ஒன்றை எடுத்து ரைடரின் மார்பு எண்ணில் வைத்துத் தொடருங்கள். ட்ராக்கிங் உணர்திறனைக் குறைத்து வைத்தால், நடுவே ஒருவர் குறுக்கிட்டாலும் கேமரா உடனே அவர்மேல் தாவாது. கபடியில் குறுக்கீடு ஒரு ரைடில் ஐந்தாறு முறை நடக்கும், ஆகவே இந்த ஒரு அமைப்பை மாற்றாமல் வேறெதை மாற்றியும் பயனில்லை.

எப்போது அழுத்துவது

ஒரு ரைடுக்கு 30 விநாடி. ஆண்கள் ஆட்டம் 20 நிமிடமாக இரண்டு பாதி, பெண்களுக்கு 15 நிமிடமாக இரண்டு பாதி. 40 நிமிட ஆட்டத்தில் ஏறக்குறைய எண்பது ரைடு வரும். ஒவ்வொன்றிலும் பத்துப் படம் என்றால் எண்ணூறு. 24 மெகாபிக்சல் ரா கோப்பு 25 எம்பி வரும், ஆக ஒரு ஆட்டத்துக்கு 20 ஜிபி. எல்லா ரைடையும் அழுத்தித் தள்ளினால் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் நிறைந்து, சரியாகப் பிடி விழும்போது கேமரா நின்றுவிடும். கார்டு மெதுவாக எழுதினால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். புதிதாக வாங்கிய கார்டை எங்கே வாங்கியிருந்தாலும், போட்டிக்கு முன்பே ஒருமுறை முழுக்க நிரப்பி, எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆகவே காத்திருக்கப் பழக வேண்டும். எந்த ரைடுக்குக் காத்திருப்பது என்று ஆட்டமே சொல்லும்.

முதலில், டூ ஆர் டை. ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரைடில் புள்ளி எடுக்காமல் திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் அவுட். இந்த விதி அந்தப் போட்டியில் உண்டா என்று தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உண்டென்றால், விரலில் எண்ணிக்கொண்டே வாருங்கள். முதல் இரண்டில் கையை ஓய்வாக வையுங்கள். மூன்றாவதில் ரைடர் நிச்சயம் உள்ளே போவார்.

அடுத்தது சூப்பர் டேக்கிள். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ தடுக்க நின்றால், பிடித்தால் கூடுதல் புள்ளி. ஆகவே மூன்று பேரும் துணிந்து பாய்வார்கள். ஆட்கள் குறைவாக இருப்பதால் படமும் நெரிசலில்லாமல் தெளிவாக வரும். எங்கள் கணக்கில் ஒரு ஆட்டத்தின் நல்ல படங்கள் அதிகம் வருவது இங்கேதான். மாறாக ஏழு பேரும் நிற்கும்போது பிடி விழுந்தால் குவியல்தான் கிடைக்கும், யார் கை யார் கால் என்று தெரியாது.

போனஸ் கோட்டில் புள்ளி கிடைக்க, தடுக்க ஆறு பேராவது நிற்க வேண்டும். அப்போது ரைடர் ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி மறுகாலைத் தூக்குவார். அழகான நிலை, ஆனால் உங்களிடமிருந்து தூரத்தில் நடக்கும். நீளமான லென்ஸ் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

பிடி எப்போது விழும் என்பதை ரைடரைப் பார்த்தால் தெரியாது, தடுப்பு வரிசையின் ஓரமான கார்னரில் நிற்பவரின் காலைப் பார்க்க வேண்டும். அவர் எடையை முன்காலுக்கு மாற்றி அரை அடி முன்னே வந்தால் ஆங்கிள் ஹோல்டு (கணுக்கால் பிடி) வரப்போகிறது. அந்த அசைவு தெரிந்ததும் அழுத்தத் தொடங்கினால் பிடிக்கு முந்தைய படமும், பிடியும், அதன் பிறகு ரைடர் திரும்பித் தாவும் படமும் கிடைக்கும். பிடியைப் பார்த்தபின் அழுத்தினால் உங்கள் விரல் போய்ச் சேர்வதற்குள் ரைடர் கீழே கிடப்பார். அழுத்துவதும் மூன்று முதல் ஐந்து படமாகப் போதும். இழுபறி நீண்டால், ஒரு மூச்சு விட்டு, கை கோட்டை நெருங்கும்போது மறுபடி ஒரு தொகுதி. கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். பிடித்தவர்கள் எழுந்து கத்துவதும், தப்பித்தவர் தொடையைத் தட்டுவதும் அதற்கடுத்த மூன்று விநாடியில்தான் நடக்கிறது, அப்போது பெரும்பாலோர் கேமராவைக் கீழே இறக்கித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வாயையும் கவனியுங்கள். ரைடர் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே இருக்க வேண்டிய ஆட்டம் இது. "ப" சொல்லும்போது உதடு மூடும், "க", "டி" சொல்லும்போது திறக்கும். உதடு மூடிய படம் ஏதோ குறைந்ததுபோல் இருக்கும், பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஒரு தொகுதியில் ஐந்து படம் எடுப்பதே, அவற்றில் வாய் திறந்த ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பெண்கள் ஆட்டம்

சென்னை கண்ணகி நகர்ப் பெண்கள் இன்று தேசிய அளவில் ஆடுகிறார்கள். உள்ளூர் போட்டிகளில் அவர்களுடைய ஆட்டத்துக்கு வரும் கேமராக்கள் இன்னும் குறைவு, அதனால் நீங்கள் எடுக்கும் படம் அந்த அணிக்கு உண்மையிலேயே தேவைப்படும். களம் சிறியது என்பதால் அதே இடத்தில் உட்கார்ந்தால் 70-200 லென்ஸ் நெருக்கமாகத் தெரியும். 50 அல்லது 85 வசதி. ரைடு வேகமாகவும் திரும்பல் குறுகியதாகவும் இருக்கும், ஆகவே 1/1000க்குக் கீழே இறங்க வேண்டாம்.

பிடி விழும்போது ஜெர்ஸி இழுபடும், ஆடை விலகும். ஆணோ பெண்ணோ, அப்படி வந்த படத்தை அன்றைக்கே அழித்துவிடுங்கள், ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். ஆட்டம் எவ்வளவு அருமையாக அதில் விழுந்திருந்தாலும் சரி. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஆடும் போட்டி என்றால், நடத்துகிறவர்களிடம் மட்டுமல்லாமல் பயிற்சியாளரிடமும் முன்பே சொல்லி, பெற்றோர் சம்மதம் இருக்கிறதா என்று கேட்டபின் எடுங்கள். உடை மாற்றும் இடத்தின் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. நடுவரிடம் போட்டி தொடங்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர் எங்கே உட்காரலாம் என்று காட்டுவார், நடுவில் எழுப்பிவிடும் சங்கடமும் இருக்காது.

சென்னையின் ஈரம்

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ நேராகக் கூடத்துக்குள் வந்து கேமராவை எடுத்தால் லென்ஸின் முகப்பில் பனி படியும். துடைத்தால் மறுபடி படியும். கேமராவைப் பையிலேயே மூடி அரைமணி நேரம் கூடத்தில் வைத்துவிட்டு எடுங்கள், தானே சூடேறி ஒத்துக்கொள்ளும். மேலே சொன்ன ஒரு மணி நேரம் முன்பு வருவது இதற்கும் உதவும். மே மாதம் தகரக் கூரையின் கீழே இரண்டு ஆட்டம் எடுத்தால் உள்ளங்கை வியர்வை பிடியை நழுவ வைக்கும். ஒரு பருத்தித் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் லென்ஸை ஈரமான பையிலேயே வைத்து மூடிவிட்டால் பூஞ்சை வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடுங்கள்.

கைபேசி மட்டும் இருந்தால்

எடுக்கலாம். டிஜிட்டல் ஜூமை மட்டும் தொடாதீர்கள், ஜூம் செய்த படத்தில் முகம் மெழுகுபோல் ஆகிவிடும். புரோ முறையில் ஷட்டரை 1/500இல் நிறுத்தி, நடுக்கோட்டு ஓரத்தில் நடுவர் அனுமதிக்கும் அளவு நெருங்கி உட்கார்ந்து, உங்கள் பக்க லாபியில் விழும் பிடிகளுக்காக மட்டும் காத்திருங்கள். தூரத்தில் நடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அணிப் படமும் அனுப்புவதும்

ஆட்டத்துக்கு முன் அணி வரிசையாக நிற்கும்போது ஒரு படம் எடுக்கத்தான் வேண்டும், அணிக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். இங்கே ஷட்டர் 1/125 போதும், எஃப் 5.6 வையுங்கள், இரண்டு வரிசையும் தெளிவாக வரும், முன்பு சொன்ன அதே கூடத்தில் ஐஎஸ்ஓ 3200. மேட்டின் வெளிச்சமான பாதியில் நிற்கச் சொல்லுங்கள். விளக்குக்கு நேர் கீழே நிற்க வைத்தால் கண்குழியில் கருநிழல் விழும். இரண்டு அடி பின்னால் தள்ளி, முகம் விளக்கை நோக்கி இருக்கும்படி நிறுத்தினால் போதும்.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு ஆட்டத்துக்கு நாற்பதுக்கு மேல் வைக்க வேண்டாம். நேராக்குவதற்கு மேட்டுக் கோடுகளை நம்பாதீர்கள், குறுக்காகப் பார்க்கும்போது அவை சாய்ந்துதான் தெரியும். பின்னால் இருக்கும் தூணோ கதவுச் சட்டமோ நேராக நிற்கிறதா என்று பாருங்கள். இரைச்சல் நீக்கத்தை முகத்தின் வியர்வைத் துளி மறையாத அளவில் நிறுத்துங்கள். வியர்வை மறைந்தால் அது கபடிப் படமே இல்லை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். நீளப் பக்கம் 2048 பிக்சலாகச் சேமித்து, ஆவணமாக (டாக்குமென்ட்) அனுப்புங்கள். கோப்பின் பெயரில் தேதி, இரண்டு அணிகளின் பெயர், ரைடரின் ஜெர்ஸி எண் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு ஆட்டக்காரர் வேலைக்கோ கல்லூரி இடத்துக்கோ விண்ணப்பிக்கப் படம் கேட்பார், எண்ணை வைத்துத்தான் தேட முடியும். இரண்டு வெவ்வேறு வட்டில் நகல் எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.